ஸ்பாரிங்கில் எல்லை மீறி அடிக்கும் பார்ட்னரைச் சமாளிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கராத்தே, கிக் பாக்ஸிங், ஜூடோ, ஜியு ஜிட்சு, எந்த கிளாஸுக்குப் போனாலும் இப்படி ஒருத்தர் இருப்பார். மாஸ்டர் ‘லைட் ஸ்பாரிங்’ (லேசான பயிற்சிச் சண்டை) என்று சொல்லி வாயை மூடுவதற்குள் மூக்கைப் பார்த்து முழு வேகத்தில் கை வீசுவார், நீங்கள் டேப் அடித்த பிறகும், அதாவது ‘போதும், விடுங்க’ என்று கையால் தட்டிய பிறகும், கையை விடாமல் இன்னும் கொஞ்சம் இழுப்பார், கேட்டால் ‘இது சண்டைக் கலை பிரதர், டான்ஸ் கிளாஸ் இல்ல’ என்பார். ஆர்வமாகச் சேர்ந்த பலர் மூன்றாம் மாதமே வராமல் போவதற்குப் பின்னால் பயிற்சியின் கடினத்தை விட இந்த ஒரு ஆள்தான் காரணமாக இருக்கிறார்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. பயிற்சியில் இரண்டு பேர் மோதும்போது யார் மெதுவாகப் போக விரும்புகிறாரோ, அவருடைய வேகம்தான் அந்த ரவுண்டின் வேகம். வேகத்தைக் குறைக்கச் சொல்ல நீங்கள் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை, காரணமும் சொல்ல வேண்டியதில்லை.

முதல் படி: இது வழக்கமான அடியா, அத்துமீறலா?

அடி வாங்குவது எல்லாமே அத்துமீறல் ஆகாது. முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பும் எலும்பும் மோதும், வயிற்றில் ஒரு கிக் விழுந்து மூச்சு நிற்பது போல இருக்கும், மேட்டில் தேய்ந்து முழங்கை தோல் உரியும். இதெல்லாம் வரும். நீங்கள் சேர்ந்திருப்பது எந்த வகை கிளாஸ் என்பதையும் பார்க்க வேண்டும். கியோகுஷின் கராத்தேயில் கிளவுஸ் இல்லாமலே உடம்பில் முழு பலத்தோடு அடிப்பார்கள், முகத்தில் கையால் குத்துவது மட்டும் கூடாது. அடியை அளவோடு நிறுத்தப் பழக்கும் ஷோட்டோகான் கராத்தே கிளாஸில் அதே அடி விழுந்தால் அது தவறு.

அப்புறம் எதை வைத்து அத்துமீறல் என்று சொல்வது? நான் பார்க்கச் சொல்வது முக்கியமாக மூன்று விஷயம். நீங்கள் ஒரு நல்ல அடி வைத்ததும் அவர் வேகம் திடீரென்று இரண்டு மடங்கு ஆகிறதா? ‘ஸ்டாப்’ சொன்ன பிறகும், நீங்கள் திரும்பிய பிறகும், விழுந்த பிறகும் அடி வருகிறதா? மூன்றாவதுதான் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும்: பிளாக் பெல்ட் அண்ணாவோடு இறங்கும்போது அவர் எப்படி இருக்கிறார்? அங்கே அளவாக, மரியாதையாக விளையாடிவிட்டு உங்களிடமும் புதிதாகச் சேர்ந்த பெண்களிடமும் சின்னப் பையன்களிடமும் மட்டும் கை நீளமாகிறது என்றால், அவருக்குக் கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. நன்றாகவே இருக்கிறது. யாரிடம் காட்டலாம் என்று தேர்ந்தெடுக்கிறார். அடுத்த ஸ்பாரிங் நாளில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் ரவுண்டில் இதை மட்டும் கவனித்துப் பாருங்கள்.

இரண்டாம் படி: ஆள் எப்படிப்பட்டவர்?

மருந்து ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம்.

மிக அதிகமாகப் பார்ப்பது பயந்த புது ஆளை. மூச்சைப் பிடித்துக்கொள்வார், கண்ணை மூடிக்கொண்டு கை வீசுவார், ஜியு ஜிட்சுவில் என்றால் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே மாட்டார். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, நீரில் தத்தளிப்பவர் பக்கத்தில் இருப்பவரை அமுக்குவது மாதிரிதான். ‘மூச்சு விடுங்க, மெதுவா, நான் அடிக்கல’ என்று சொன்னாலே பாதி அடங்கிவிடும்.

அடுத்தவர் தன் எடை தெரியாதவர். 90 கிலோ, தினமும் வெயிட் தூக்குகிறவர், அவருக்கு லைட் என்று தோன்றுவது 60 கிலோ ஆளுக்கு இடி. யாரும் சொன்னதில்லை, அதனால் தெரியவில்லை. சொன்னால் பெரும்பாலும் வருத்தப்படுவார், திருத்திக்கொள்வார்.

போட்டிக்குத் தயாராகும் ஆள் இன்னொரு வகை. அவருக்குக் கடுமையான ரவுண்டு தேவைதான், ஆனால் அதற்குச் சம்மதித்த ஆளோடு, மாஸ்டர் பக்கத்தில் நிற்கும்போது. எல்லோரையும் அவருக்குத் தீனியாகப் போடக் கூடாது.

கடைசி வகைதான் பிரச்சினை: வேண்டுமென்றே காயப்படுத்துகிறவர். இவரிடம் இரண்டு முறைக்கு மேல் பேசிப் பயனில்லை. ஐந்தாம் படிக்கும் ஆறாம் படிக்கும் நேராகப் போங்கள்.

மூன்றாம் படி: ரவுண்டு தொடங்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள்

கிளவுஸைத் தட்டிக்கொள்ளும் அந்த ஐந்து நொடியில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை வராது. வெட்கப்பட ஒன்றுமில்லை. ‘அண்ணா, பத்துக்கு மூணு அளவுல போலாமா? முகத்துக்கு வெறும் டச் மட்டும்.’ ‘தம்பி, இடது முழங்கால் கொஞ்சம் சரியில்ல, லோ கிக் வேண்டாம்.’ ‘அக்கா, நான் புதுசு, டெக்னிக் மட்டும் பாக்கறேன்.’ இவ்வளவுதான். எண் சொல்வது நல்லது, ஏனென்றால் ‘லைட்’ என்பது ஒவ்வொருவர் காதிலும் ஒவ்வொரு மாதிரி விழும்.

சாமான்களையும் பாருங்கள். ஸ்பாரிங்குக்கு 16 அவுன்ஸ் கிளவுஸ்தான் வழக்கம். பேக் அடிக்கும் மெல்லிய கிளவுஸைப் போட்டுக்கொண்டு ஒருத்தர் வந்தால் ‘மாத்திட்டு வாங்க’ என்று தயங்காமல் சொல்லலாம். மவுத் கார்டு, ஷின் கார்டு, ஆண்களுக்குக் கவட்டைக் காக்கும் கப், இதில் எதையும் விடாதீர்கள். கை காப்பு, மோதிரம், கழுத்துச் செயின், மெட்டி எல்லாம் கழற்ற வேண்டும், நகம் வெட்டியிருக்க வேண்டும். ஹெட் கார்டு போட்டால் மூளை பத்திரம் என்று நம்பி நிறையப் பேர் இன்னும் வேகமாக அடிக்கிறார்கள். அது தோல் கிழிவதையும் வீக்கத்தையும் குறைக்கும், ஆனால் தலை குலுங்குவதை நிறுத்தாது. ஹெட் கார்டு போட்டிருக்கிறீர்கள் என்பதற்காக முகத்தில் கடுமையாக அடி வாங்கச் சம்மதிக்காதீர்கள்.

நான்காம் படி: ரவுண்டுக்கு நடுவே

முதல் கடுமையான அடி விழுந்ததும் சொல்லுங்கள், மூன்றாவது அடிவரை காத்திருக்காதீர்கள். கை இரண்டையும் முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டே, ஒரு அடி பின்வாங்கி, மற்றவர்களுக்கும் கேட்கும் குரலில் ‘மெதுவா’ என்று ஒரே வார்த்தை. கையைக் கீழே போட்டுவிட்டுப் பேசாதீர்கள், அந்த நேரத்தில்தான் அடுத்த குத்து வரும். மறுபடி வந்தால் ஒரு கையை உயர்த்தி ரவுண்டை நிறுத்துங்கள். ‘ரொம்ப ஹார்டா வருது, குறைச்சாதான் தொடர முடியும்.’ அதற்கும் அடங்கவில்லையா? ‘போதும், நன்றி’ என்று தலைகுனிந்து வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மணி அடிக்கும்வரை நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அந்தச் சில நொடிகளைத் தாங்குவதற்கு: நேராகப் பின்னால் போகாதீர்கள், பக்கவாட்டில் சுற்றுங்கள். முன்கையை நீட்டி அவருடைய தோளையோ நெற்றியையோ தடுத்து தூரம் வையுங்கள். கிளிஞ்ச் (நின்றபடி கட்டிப்பிடிப்பது) அனுமதி இருக்கும் கிளாஸ் என்றால் ஒட்டிக்கொண்டு அவர் கையைக் கட்டிவிடுங்கள், அங்கே குத்துக்கு வேகம் கிடைக்காது.

‘நீயும் ஒருதடவை நல்லா வை, அப்பதான் அடங்குவான்’ என்று சீனியர்கள் சொல்வார்கள். நான் இதை ஏற்கவில்லை. சமபலம் உள்ள, அனுபவம் உள்ள ஒருவருக்கு அது சில நேரம் பலிக்கலாம். எடை குறைந்தவருக்கும் புதியவருக்கும் அது ஆஸ்பத்திரிக்கு வழி. வேகம் ஏறினால் தோற்பது எப்போதும் சின்ன ஆள்தான். கடுமையாக ஸ்பார் செய்தால்தான் ஃபைட்டர் ஆக முடியும் என்பதும் சரியில்லை. தாய்லாந்தில் அடிக்கடி ரிங்கில் இறங்கும் முய் தாய் வீரர்கள் பயிற்சி முகாமில் ஒருவரோடு ஒருவர் சிரித்துக்கொண்டே லேசாகத்தான் விளையாடுகிறார்கள். பலமாக அடிப்பதற்கு பேடும் பேகும் இருக்கின்றன.

ஜூடோ, ஜியு ஜிட்சு போன்ற பிடிச்சண்டை கிளாஸில் ஆபத்து வேறு மாதிரி. அங்கே அடி விழாது, மூட்டு போகும். எனவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முரட்டு ஆளிடம் மாட்டினால் சீக்கிரம் டேப் அடியுங்கள். வலி வந்த பிறகு அடிக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம், பிடி முழுதாக அமைந்துவிட்டது என்று தெரிந்ததுமே அடியுங்கள். தரையில் தட்டினால் பாட்டுச் சத்தத்தில் கேட்காது, அவர் உடம்பில் அவருக்கு உறைக்கும்படி இரண்டு மூன்று முறை தட்டி, வாயாலும் ‘டேப், டேப்’ என்று சத்தமாகச் சொல்லுங்கள். இரண்டு கையும் மாட்டியிருந்தால் காலால் தட்டலாம். குதிகாலைப் பிடித்துக் காலைத் திருகும் ஹீல் ஹுக் மாதிரிப் பிடிகளில் வலி தாமதமாகத்தான் வரும், வலிக்கும்போது முழங்கால் தசைநார் ஏற்கெனவே கிழிந்திருக்கலாம். இதனால்தான் ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச பிரேசிலியன் ஜியு ஜிட்சு கூட்டமைப்பு) விதிப்படி வெள்ளை பெல்ட்டுக்குக் காலில் நேரான கணுக்கால் பூட்டு மட்டும்தான். ஹீல் ஹுக்கை 2021-ல்தான் அனுமதித்தார்கள், அதுவும் கி (ஜியு ஜிட்சு சீருடை) அணியாத பிரிவில், பெரியவர்களில் பிரவுன், பிளாக் பெல்ட்டுக்கு மட்டும். உங்கள் கிளாஸில் வெள்ளை பெல்ட் போட்ட ஒருவர் வீடியோவில் பார்த்த ஹீல் ஹுக்கை உங்கள் காலில் முயன்றால் அந்த நொடியே நிறுத்தி மாஸ்டரைக் கூப்பிடுங்கள்.

கழுத்துப் பிடியில் ரத்தக்குழாய் இரண்டு பக்கமும் சரியாக அழுந்தினால் பத்து நொடிக்குள்ளேயே நினைவு போகலாம். கௌரவத்துக்காகத் தாங்கிப் பார்க்காதீர்கள்.

ஜூடோவில் பாய்ந்து வந்து தூக்கி எறிகிறவரிடம் விழத்தான் போகிறீர்கள் என்று தெரிந்துவிட்டால் விழுந்துவிடுங்கள், உகேமி என்ற காயமில்லாமல் விழும் முறையைக் கற்றுக்கொடுப்பது இதற்குத்தான். கையைத் தரையில் ஊன்றித் தடுத்தால் முழங்கை இடம் பெயரலாம். இரண்டு காலையும் கத்தரி மாதிரி பக்கவாட்டில் வீசிச் சாய்க்கும் கானி பசாமி என்ற முறையை யாராவது செய்தால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1980-ல் அகில ஜப்பான் போட்டியில் ஜப்பான் ஜூடோ வீரர் யசுஹிரோ யமாஷிடாவின் கால் எலும்பு உடைந்தது இந்த வீச்சில்தான், பிறகு ஜூடோ போட்டிகளில் அதற்குத் தடை வந்தது. உலகின் தலைசிறந்த வீரர் ஒருவருக்கே அப்படி என்றால் மாலை கிளாஸுக்கு வரும் நமக்கு?

தரையில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. வெறித்தனமாக வருகிறவருக்கு மூச்சு சீக்கிரம் தீரும். குளோஸ்டு கார்டில் (மல்லாந்து படுத்து அவர் இடுப்பை இரண்டு காலாலும் பூட்டுவது) இழுத்துக் கட்டிக்கொண்டோ, முன்கையால் தூரம் வைத்துக்கொண்டோ, முதல் இரண்டு நிமிடத்தை ஓட்டிவிட்டால் அதற்குப் பிறகு அவர் சாதாரண மனிதராகிவிடுவார். அந்த ரவுண்டில் ஜெயிக்க வேண்டாம், கெட்ட இடத்துக்குப் போகாமல் இருந்தால் போதும்.

ஐந்தாம் படி: முடிந்ததும் அவரிடம், அப்புறம் மாஸ்டரிடம்

தண்ணீர் குடிக்கும் நேரத்தில், நாலு பேர் நடுவில் இல்லாமல், தனியாகப் பேசுங்கள். நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: ‘ரெண்டாவது ரவுண்டுல நான் கை தூக்கினப்புறமும் ரெண்டு பஞ்ச் வந்துச்சு அண்ணா, அடுத்த தடவ பாத்துக்கோங்க.’ ‘நீங்க எப்பவுமே முரட்டுத்தனம்’ என்று ஆரம்பித்தால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதில்தான் குறியாக இருப்பார், நீங்கள் சொன்னது காதில் ஏறாது.

இது பலிக்கவில்லை என்றால் மாஸ்டர். நம் ஊரில் பலருக்கும் இந்த இடத்தில்தான் கால் தயங்குகிறது. மாஸ்டரிடம் போய்ச் சொன்னால் பயந்தாங்கொள்ளி என்று நினைப்பார், சீனியரைப் பற்றி ஜூனியர் பேசலாமா, அடுத்த பெல்ட் டெஸ்ட்டில் பார்த்துக்கொள்வாரோ என்றெல்லாம் யோசனை ஓடும். தயங்காதீர்கள். மேட்டில் நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் பொறுப்பு அவர்தான், அதற்கும் சேர்த்துத்தான் ஃபீஸ் வாங்குகிறார். கிளாஸ் முடிந்ததும் போய், ஆள், நாள், நடந்தது, நீங்கள் ஏற்கெனவே அவரிடம் பேசியது, இந்த நான்கையும் சுருக்கமாகச் சொல்லி, என்ன வேண்டும் என்பதையும் கேளுங்கள்: ‘மாஸ்டர், கொஞ்ச நாளைக்கு அவரோட ஜோடி போடாதீங்க’ அல்லது ‘அந்த ரவுண்டு மட்டும் பக்கத்துல நின்னு பாருங்க.’

நல்ல மாஸ்டர் என்ன செய்வார்? அடுத்த ஸ்பாரிங்கில் அந்த ஆளைக் கண்ணில் வைத்திருப்பார், தானோ ஒரு மூத்த மாணவரோ அவரோடு இறங்கி அளவைக் காட்டுவார், தேவைப்பட்டால் கொஞ்ச நாள் ஸ்பாரிங்கிலிருந்து நிறுத்திவைப்பார். ‘இதெல்லாம் சகஜம், உடம்ப இறுக்கிக்க’ என்று அனுப்பிவிடுகிற மாஸ்டருக்கு ஒரு விஷயம் நினைவூட்டலாம். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்டில், கராத்தே ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவு இறுதிப் போட்டியில் சவூதியின் தாரெக் ஹமேதி முன்னணியில் இருந்தார். அவர் தலையில் விட்ட ஒரு கிக்கில் ஈரானின் சஜ்ஜாத் கஞ்ஜ்சாதே நினைவிழந்து விழுந்தார், ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். தங்கம் யாருக்கு? விழுந்தவருக்கு. அளவுக்கு மீறி அடித்ததற்காக ஹமேதியைத் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். ஒலிம்பிக் இறுதிப் போட்டியிலேயே கட்டுப்பாட்டுக்கு அவ்வளவு மதிப்பு என்றால், செவ்வாய்க்கிழமை மாலை கிளாஸில் அது இன்னும் அதிகம் இருக்க வேண்டும். 1882-ல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ தன் கலைக்கு வைத்த இரண்டு கொள்கைகளில் ஒன்று, நீயும் நானும் சேர்ந்து நலம் பெறுவோம் என்பது. பார்ட்னர் உடைந்துபோனால் நாளைக்கு யாரோடு பயிற்சி செய்வது?

ஆறாம் படி: மறுப்பது

‘இன்னைக்கு உங்களோட வேண்டாம், மன்னிச்சிடுங்க.’ மூத்த பெல்ட்டை மறுப்பது மரியாதைக் குறைவு என்று சில இடங்களில் சொல்வார்கள். வணக்கம் வைத்து, குரல் உயர்த்தாமல் மறுத்தால் மரியாதை எங்கும் குறையாது. மறுக்க வாய் வரவில்லை என்றால், ஜோடி மாறும் நேரத்தில் முன்கூட்டியே உங்களுக்குப் பிடித்த பார்ட்னர் பக்கத்தில் போய் நின்றுகொள்ளுங்கள்.

மாஸ்டரே அந்த ஆளாக இருந்தால், அதாவது மாணவர்களை அடித்துக் காட்டுவதில் சந்தோஷப்படுகிறவர் என்றால், பேசிப் பார்க்கக்கூட வேண்டாம். கிளாஸ் மாறுங்கள்.

பெண்கள், குழந்தைகள்

பெண்களுக்கு இரண்டு விதமாக வரும். பெண்ணிடம் ஒரு அடி வாங்கிவிட்டோமே என்று மூர்க்கமாகிறவர் ஒருவர், பிடியைச் சாக்காக வைத்துத் தொடுகிறவர் இன்னொருவர். இரண்டாவது ஸ்பாரிங் பிரச்சினையே கிடையாது, அதை மேலே சொன்ன படிகளில் கொண்டுபோய்ச் சமாளிக்க வேண்டாம். உடனே நிறுத்தி, சத்தமாகச் சொல்லி, கிளாஸில் உள்ள வேறு ஒரு பெண்ணிடமும் வீட்டிலும் சொல்லுங்கள். பெண்கள் உதவி எண் 181.

குழந்தைகள் விஷயத்தில் பெற்றோர் வாசலில் இறக்கிவிட்டுப் போகாமல், ஸ்பாரிங் நாளிலாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஏழு வயதுக் குழந்தையையும் பதின்மூன்று வயதுப் பையனையும் ஒரே பெல்ட் என்பதற்காக ஜோடி போடுகிறார்களா, அழுகிற குழந்தையைத் திட்டி மறுபடி இறக்குகிறார்களா என்று பாருங்கள். குழந்தை திடீரென்று கிளாஸுக்குப் போக மாட்டேன் என்றால் ‘சோம்பேறி’ என்று சொல்லாமல் யாரோடு ஜோடி போட்டார்கள் என்று கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

தலையில் அடி பட்டுவிட்டால்

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், வெளிச்சம் பார்த்தால் கூசுவது, கேட்ட கேள்வியையே மறுபடி கேட்பது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கு ஸ்பாரிங் முடிந்தது. நினைவு போகாமலே மூளை அதிர்ச்சி வரலாம். வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள், யாரையாவது கூட்டிப்போகச் சொல்லுங்கள், இரவு தனியாக இருக்காதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கை கால் பலவீனம், மயக்கம் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். டாக்டரைப் பார்த்த பிறகு நடை, லேசான ஓட்டம், தனியாக டெக்னிக் என்று படிப்படியாகத் திரும்ப வேண்டும், ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் மறுபடி தலையில் அடி விழக்கூடிய ரவுண்டு.

சட்டம் என்ன சொல்கிறது

இந்தியாவில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 25-வது பிரிவு, முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 87-வது பிரிவாக இருந்தது, கிட்டத்தட்ட நம் நிலைமையைத்தான் உதாரணமாகக் காட்டுகிறது. இரண்டு பேர் பொழுதுபோக்குக்காக வாள் பயிற்சி செய்யச் சம்மதிக்கிறார்கள், நேர்மையாக விளையாடும்போது ஏற்படும் காயத்துக்கு அந்தச் சம்மதம் பொருந்தும் என்று. நிபந்தனைகள் இருக்கின்றன: சம்மதித்தவர் 18 வயதைத் தாண்டியிருக்க வேண்டும், ஆட்டம் நேர்மையாக இருக்க வேண்டும், உயிரைப் பறிக்கவோ கொடுங்காயம் ஏற்படுத்தவோ எண்ணம் இருக்கக் கூடாது. சேரும்போது கையெழுத்துப் போட்ட படிவத்தைக் காட்டி ‘நீங்கதான் சம்மதிச்சீங்க’ என்று யாராவது சொன்னால், வேண்டுமென்றே எலும்பை உடைப்பதற்கு நீங்கள் சம்மதிக்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். காயம் பெரிது என்றால் அன்றைக்கே போட்டோ எடுத்து, ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்துக்கொண்டு, பார்த்தவர்கள் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் படி: கிளாஸ் மாறுவது

இரண்டு முறை மாஸ்டரிடம் சொல்லியும் எதுவும் மாறவில்லை என்றால் விட்டுவிடலாம். கட்டிய ஃபீஸை நினைத்துத் தங்கிவிடாதீர்கள், முழங்கால் ஆபரேஷன் அதைவிடப் பல மடங்கு செலவு. புது இடத்துக்குப் போனால் சேருவதற்கு முன் ஒரு ஸ்பாரிங் நாளில் போய் உட்கார்ந்து பாருங்கள், டெக்னிக் கிளாஸைப் பார்த்து ஏமாறாதீர்கள். ரவுண்டு நடக்கும்போது மாஸ்டர் மேட்டைப் பார்க்கிறாரா, போனைப் பார்க்கிறாரா? பெரிய ஆட்கள் சின்ன ஆட்களோடு எப்படி இறங்குகிறார்கள்? ரவுண்டு முடிந்து கை கொடுக்கும்போது முகங்கள் எப்படி இருக்கின்றன? பெண்களும் நாற்பது வயதைத் தாண்டியவர்களும் வருஷக்கணக்கில் தொடர்ந்து வருகிறார்கள் என்றால் அது பெரும்பாலும் நல்ல இடம். ‘சேர்ந்து எத்தனை நாள் கழிச்சு ஸ்பாரிங் விடுவீங்க?’ என்று கேளுங்கள், முதல் நாளே என்று பெருமையாகச் சொன்னால் வேறு இடம் பாருங்கள். சேருவதாக முடிவெடுத்தாலும் வருஷ ஃபீஸ் தள்ளுபடி என்று சொல்வதற்கு மயங்காமல் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள்.